அம்மா எழுத வேண்டிய உயில்

(மாவட்ட நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஒரு வழக்கறிஞர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வாசகர் வட்டத்தார் எனக்குக் கொடுத்த தலைப்பு 'உயிலும் வாரிசுரிமையும்'. இருபாலருக்கும் பொதுவான தலைப்புதான். ஆனால் சிவில் வழக்குகளையே நடத்திப் பழகிய எனக்கு, இதை முதலில் பெண்களிடம் பேச வேண்டும் என்று தோன்றுகிறது. நம் வீடுகளில் பெரும்பாலும் கணவரைவிட மனைவிக்கு வயது குறைவு. கடைசியில் தனியாக நின்று தாலுகா அலுவலகத்துக்கும் வங்கிக்கும் நடப்பவர் அநேகமாக அவர்தான். எந்தப் பத்திரம் எந்தப் பையில் இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லி வைத்திருப்பதில்லை. அவர் பெயரில் இருக்கும் சொத்து அவருக்குப் பிறகு யாருக்குப் போகும் என்று அவரும் யாரிடமும் கேட்டிருப்பதில்லை.

உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்ற பயம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. படுத்த படுக்கையான பிறகு, மருத்துவர் கைவிரித்த பிறகு, அவசர அவசரமாக எழுதுகிறோம். பச்சையப்ப முதலியார் கதை இந்த ஊரில் பலருக்குத் தெரிந்திருக்கும். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் துபாஷாக இருந்து பெரும் பொருள் சேர்த்தவர் அவர். 1794 மார்ச்சில், இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் உயில் எழுதினார். பணத்தை அறப்பணிகளுக்கென்று ஒதுக்கினார். அவர் கண்ணை மூடியதும் வழக்குகள் கிளம்பின. பணம் முடங்கியது. சென்னையில் அப்போதிருந்த உச்ச நீதிமன்றம் தலையிட்டு, அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயன்று, அந்த அறக்கட்டளைப் பணத்தில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தபோது ஆண்டு 1842. நாற்பத்தெட்டு வருடம்! பின்னால் அது கல்லூரியாகி, அறிஞர் அண்ணா போன்றவர்களை உருவாக்கியது உண்மைதான். ஆனால் நடுவில் ஒன்றுமே நடக்காமல் போன அந்தத் தலைமுறைகளை நினைத்துப் பாருங்கள். உயில் இருந்தால் மட்டும் போதாது. நல்ல உடல்நிலையில், நிதானமாக எழுதியிருக்க வேண்டும். அதை நிறைவேற்ற ஓர் ஆளும் இருக்க வேண்டும்.

எழுதாமலே போனால் என்ன ஆகும்? 1956ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் இல்லாமல் இறந்தால் அவருடைய மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சொத்து சம பங்காகப் போகும். தந்தை இந்த முதல் வகுப்பில் இல்லை, தாய் இருக்கிறார். நான் பார்த்தவரை முக்கால்வாசிக் குடும்பங்களுக்கு இது தெரியாது. முப்பத்தைந்து வயதில் விபத்தில் கணவனை இழந்த ஒரு பெண், ஒரு குழந்தையோடு வந்து நிற்கிறார். வீட்டை விற்று வங்கிக் கடனை அடைக்க வேண்டும். தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் மூன்று பெயர்: மனைவி, குழந்தை, ஊரில் இருக்கும் மாமியார். "அவங்க கையெழுத்து எதுக்கு சார்? இது எங்க வீடு" என்று அந்தப் பெண் கேட்கிறார். ஊரில் அந்த அம்மாவோ, "என் பிள்ளை செத்த வீட்டில் எனக்கென்னடா பங்கு" என்று அழுகிறார். பக்கத்தில் இருக்கும் கொழுந்தன்மார் அழவில்லை, கணக்குப் போடுகிறார்கள். குழந்தை மைனர் என்பதால், அதன் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேறு வேண்டும்.

தாய்க்குப் பங்கு கொடுத்த சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையின் வருமானத்தை நம்பி இருந்த வயதானவரை அது தெருவில் விடாமல் காக்கிறது. ஆனால் அந்த இளைஞர் ஒரு வெள்ளைத் தாளில் 'வீடு மனைவிக்கு, வங்கியில் இருக்கும் வைப்புத்தொகை அம்மாவுக்கு' என்று இரண்டு வரி எழுதி இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தால், இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் எதிரியாகப் பார்க்க வேண்டி வந்திருக்காது.

மகள்களைப் பற்றி ஒரு வார்த்தை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டத் திருத்தம் செய்தது. ஆனால் அதற்கு முன் திருமணமான பெண்களை அது சேர்க்கவில்லை. 2005இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2020 ஆகஸ்டில், வினீதா சர்மா வழக்கில், 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும், கருமாதி முடிந்த கையோடு, "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பிட்டோமே" என்று சொல்லி அக்கா தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் நின்றபாடில்லை. மனம் ஒப்பிக் கொடுப்பது வேறு. துக்கத்தில் இருப்பவரை சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவது வேறு. அந்தத் துக்க நாட்களில் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள் என்று நான் எல்லாப் பெண்களிடமும் சொல்கிறேன்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அதே 1956 சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவர் சொத்து யாருக்கு என்பதைச் சொல்கிறது. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லையென்றால் அடுத்த இடம் யாருக்கு? பெற்ற தாய் தந்தைக்கு என்றுதான் நினைப்பீர்கள். இல்லை, கணவரின் வாரிசுகளுக்கு. கணவரின் வாரிசு ஒருவர்கூட இல்லாவிட்டால்தான் தாய் தந்தை. பெற்றோரிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால் மட்டும், பிள்ளைகள் இல்லாத நிலையில், அது தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். அவரே சம்பாதித்து வாங்கியதற்கு அந்த விலக்கு கிடையாது.

இது என்ன செய்யும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஓம்பிரகாஷ் எதிர் ராதாசரண், 2009ஆம் வருடத்துத் தீர்ப்பு. திருமணமாகி மூன்று மாதத்தில் கணவனைப் பாம்பு கடித்து இறந்துவிட, புகுந்த வீட்டார் அந்தப் பெண்ணை வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். பெற்றவர்கள் சேர்த்துக்கொண்டு படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார். நாற்பது வருடம் தன் உழைப்பில் வாழ்ந்து, வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் பணம் சேர்த்தார். 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். அவரைப் பெற்ற தாய் ஒரு பக்கம் நின்றார். அந்தக் கணவனின் சகோதரி மகன்கள் மறு பக்கம் நின்றார்கள். உச்ச நீதிமன்றம், அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்று சொல்லி, பணத்தைக் கணவன் வீட்டாருக்கே கொடுத்தது. தன்னைத் துரத்திய வீட்டுக்கே அந்தப் பெண்ணின் ஆயுட்கால உழைப்பு போய்ச் சேர்ந்தது. இந்தத் தீர்ப்பை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனது ஆறுவதில்லை.

சட்டத்தை மாற்ற வேண்டும் என்று கேட்பவர்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயில் எழுதியிருந்தால் 15ஆம் பிரிவு குறுக்கே வராது. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமே, குறிப்பாக இந்துப் பெண்கள், உயில் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ஆசிரியைகளே, செவிலியர்களே, பின்னலாடைக் கம்பெனியில் மாதாமாதம் பி.எஃப். பிடிக்கப்படும் சகோதரிகளே, பிள்ளை இல்லாதவர்களே, கணவரை இழந்தவர்களே, பிரிந்து வாழ்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். எனக்கென்ன சொத்து இருக்கிறது என்று கேட்காதீர்கள். கழுத்தில் கிடக்கும் சங்கிலியும், அஞ்சலகச் சேமிப்பும், அடகு வைத்திருக்கும் நகையும் எல்லாம் சொத்துதான்.

உயிலுக்குப் பதிலாக 'இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பின்னால் அலைச்சல் இல்லை' என்று பிள்ளைகள் சொல்வார்கள். தான செட்டில்மென்ட் பத்திரத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் தயவுசெய்து நின்று யோசியுங்கள். உயில், எழுதியவர் இறந்த பிறகுதான் உயிர் பெறும். அதுவரை வீடு உங்களுடையது. நாளைக்கே மனம் மாறினால் கிழித்துப் போடலாம், புதிதாக எழுதலாம். செட்டில்மென்ட் அப்படியில்லை. பதிவு செய்து கொடுத்த அன்றே சொத்து கை மாறிவிடும். கொடுத்தவர் மட்டும் போய் அதை ரத்து செய்ய முடியாது. எழுதிக் கொடுத்த மறுவருடம் மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிலில் ஒதுக்கப்பட்ட அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தன் கைப்பையிலிருந்து மருமகள் கொடுத்த சாவி ஒன்றை எடுத்துக் காட்டினார். கழிப்பறைக்கு மட்டுமான சாவி. அந்த வீட்டின் கடைக்கால் தோண்டிய நாளில் இருந்து கூலியாட்களுக்குச் சமைத்துப் போட்டவர் அவர்.

2007ஆம் வருடத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கவனித்துக்கொள்வேன் என்ற நிபந்தனையில் சொத்தை வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கும்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025இல் வந்த தீர்ப்புகள், நம் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு உட்பட, பெற்றோர் பக்கம் இன்னும் சாய்ந்து பேசுகின்றன. அன்பினால் கொடுத்தேன் என்ற சொல்லுக்குள்ளேயே அந்த எதிர்பார்ப்பு இருக்கிறது என்பது அதன் போக்கு. ஆனாலும் தீர்ப்பை நம்பிப் பத்திரம் எழுதாதீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், உங்கள் ஆயுள்காலம்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதையும், சாப்பாட்டுக்கும் மருத்துவத்துக்கும் பிள்ளை பொறுப்பு என்பதையும் பத்திரத்திலேயே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், குடியிருக்கும் ஒரே வீட்டை உயிரோடு இருக்கும்போது யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் போதும்.

அந்த உயிலை எப்படி எழுதுவது? முத்திரைத் தாள் வேண்டாம். தமிழில், வெள்ளைத் தாளில், உங்கள் கைப்பட எழுதலாம். தேதி போடுங்கள். இதற்கு முன் எழுதிய உயில் இருந்தால் அதை ரத்து செய்வதாக ஒரு வரி. சொத்துகளைச் சர்வே எண், பத்திர எண், கணக்கு எண்ணோடு குறிப்பிடுங்கள். விட்டுப்போன சொத்து எதுவானாலும் இன்னாருக்கு என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். பல வழக்குகள் அந்த ஒரு வரி இல்லாததால் வந்தவை. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுங்கள். கைரேகையும் செல்லும். நீங்கள் கையெழுத்துப் போட்டதைக் கண்ணால் பார்த்த இரண்டு சாட்சிகள், உங்கள் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். 1925ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான்.

சாட்சிகள் விஷயத்தில்தான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். மரியாதைக்காக ஊரிலேயே மூத்த பெரியவரைக் கூப்பிடுகிறோம். பிற்காலத்தில் வழக்கு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி, 'இவர் கையெழுத்துப் போட்டதை நான் பார்த்தேன்' என்று சொல்ல வேண்டும். ஆகையால் உங்களைவிட இளையவர்களாக, உள்ளூரில் நிலையாக இருப்பவர்களாகப் பாருங்கள். சொத்து வாங்குகிற பிள்ளையையோ அவன் மனைவியையோ சாட்சியாக வைக்காதீர்கள். சொத்தைப் பெறுகிறவரே முன்னால் நின்று உயிலை எழுத வைத்திருந்தால் அது சந்தேகத்துக்கு இடம் தரும், அந்தச் சந்தேகத்தை அவரேதான் போக்க வேண்டும் என்று 1959ஆம் வருடத்து வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லப்பட்டதை இன்றும் எல்லா நீதிமன்றங்களும் பின்பற்றுகின்றன. ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுக்கிறீர்கள் என்றால் காரணத்தை எழுதுங்கள். 'மூத்தவனுக்குப் படிப்புக்கும் கடைக்கும் ஏற்கெனவே செலவு செய்துவிட்டேன்' என்று அம்மாவே எழுதிய ஒரு வாக்கியம், பின்னால் வக்கீல்கள் பேசும் நூறு வாக்கியங்களைத் தேவையில்லாமல் ஆக்கிவிடும்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் செய்யுங்கள் என்பேன். தொலைந்துபோனது, திருத்தப்பட்டது என்ற பேச்சு வராது. அதே சமயம், பதிவு செய்த உயில் அசைக்க முடியாதது என்ற நம்பிக்கையும் வேண்டாம். பிறகு எழுதிய, பதிவு செய்யாத உயில்கூட, உண்மையானதென்று நிரூபிக்கப்பட்டால் அதுவே செல்லும்.

இதுவரை சொன்ன வாரிசுரிமை விதிகள் இந்துக்களுக்கு. கிறிஸ்தவர்கள், திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். பயன் பெறுபவரோ அவர் வாழ்க்கைத் துணையோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் உங்கள் சட்டத்தில் அந்தப் பயனே போய்விடும். இஸ்லாமியர்கள் கடன், இறுதிச் செலவு போக மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலாக எழுத முடியும். அதற்கு மேல் போனால் வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

அடுத்து, வீட்டில் ஒருவர் போன பிறகு செய்ய வேண்டியவை. 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்து, சான்றிதழைப் பல பிரதிகளாக வாங்கி வையுங்கள். இறந்தவரின் செல்போன் எண்ணை உடனே துண்டிக்காதீர்கள். வங்கியும் வருமான வரித் துறையும் அதற்குத்தான் ஓ.டி.பி. அனுப்பும். ஏ.டி.எம். அட்டையை வைத்துப் பணம் எடுக்காதீர்கள். அவசரத்துக்கு எடுத்த அந்தப் பணமே பின்னால் மற்ற வாரிசுகளிடம் பதில் சொல்ல வேண்டிய கணக்காகிவிடும்.

பிறகு ஒரு நாள், அவருடைய பாஸ்புக்கை வரி வரியாகப் படியுங்கள். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் எடுக்கப்பட்டிருக்கிறதா? அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீட்டுக்கான பிரீமியம். 2 லட்சம் ரூபாய் வரும். 20 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்தில் இறந்திருந்தால் அதிலும் 2 லட்சம் உண்டு. கணக்குத் தொடங்கிய நாளில் வங்கியில் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார், வீட்டில் சொல்லியிருக்க மாட்டார். கணக்கை மூடிப் பணத்தை வாங்கிக்கொண்டு போன குடும்பங்களில் எத்தனையோ இந்த வரியைக் கவனிக்காமலே போயிருக்கின்றன. பி.எஃப். பிடித்தம் உள்ள வேலையில் இருக்கும்போதே இறந்திருந்தால், வைப்பு நிதியைத் தவிர 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடும் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் பி.எஃப்.புக்குக் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போகும் என்பதால், மணமான ஒவ்வொருவரும் அதைப் புதிதாகக் கொடுக்க வேண்டும்.

நாமினி என்றால் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். வங்கிக் கணக்கின் நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான். அதை வாரிசுகளுக்கு, உயில் இருந்தால் அதன்படி, பிரித்துத் தர வேண்டும். பங்குச் சந்தை முதலீட்டுக்கும் இதுதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே. பத்து வருடம் யாரும் தொடாத வங்கிப் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்போதும் உரிமை போகாது. ரிசர்வ் வங்கியின் 'உத்கம்' இணையதளத்தில் இறந்தவரின் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

கடனைப் பற்றிப் பயப்படாதீர்கள். அப்பா வாங்கிய கடனுக்கு, அவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் பிள்ளைகள் பொறுப்பு. கந்துவட்டிக்காரர் காரியத்தன்றே வந்து மிரட்டினால், நீங்களாக எந்தப் புரோநோட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது உங்கள் கடனாகிறது.

சீட்டில் எழுதிக் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லி முடிக்கிறேன். 'வீடு என் பெயரில் இருக்கிறது. கணவர் இருக்கிறார், மகனும் மகளும் இருக்கிறார்கள். நான் உயில் எழுதினால் அவரைச் சந்தேகப்படுவது போல் ஆகாதா?' என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்.

அம்மா, நீங்கள் எழுதாமல் போனால் வீடு உங்கள் கணவர், மகன், மகள் மூவருக்கும் மூன்றில் ஒரு பங்காகப் போகும். மகனோ மகளோ தன் பங்கைக் கேட்டால், அந்த வீட்டில் நிம்மதியாகக் குடியிருக்க முடியாமல் போவது உங்கள் கணவர்தான். அவருடைய ஆயுள்வரை அவர் குடியிருக்கலாம், அதன் பிறகு பிள்ளைகள் இருவருக்கும் சமமாக, என்று நீங்கள் எழுதி வைத்தால் அது அவருக்குச் செய்யும் பாதுகாப்பு. அவரையும் ஒன்று எழுதச் சொல்லுங்கள். இருவரும் ஒரே தாளில் கூட்டாக எழுத வேண்டாம். ஒருவர் காலத்துக்குப் பிறகு மற்றவர் மாற்ற நினைத்தால் சிக்கல் வரும். தனித்தனியாக, ஒரே நாளில் எழுதி, ஒன்றாகப் போய்ப் பதிவு செய்யுங்கள். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்று தயங்க வேண்டாம். இந்த வாசகர் வட்டத்திலேயே இளையவர்கள் இருக்கிறார்கள். கூட்டம் கலைவதற்குள் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.